சிப்பாய்கள் பார்த்த பாறைகள்



போரிலிருந்து திரும்பும் சிப்பாய்கள் படிப்பதற்காக அமெரிக்க அரசு 1944-ல் ஒரு சட்டம் போட்டது. கட்டணம் முழுக்க அரசுப் பணம். அதில் படித்த பலர் சேர்ந்தது சான் பிரான்சிஸ்கோ கலைப் பள்ளியின் புகைப்படத் துறையில். மலைகளைப் படமெடுத்துப் பேர் வாங்கிய ஆன்சல் ஆடம்ஸ் தொடங்கிய துறை அது. 1946-ல் அங்கே பாடம் நடத்த வந்தார் மைனர் ஒயிட். அவரும் பிலிப்பைன்ஸ் போர்முனையைப் பார்த்தவர். அந்த வாத்தியாரிடம் பையன்கள் எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது!

போர்க்காலக் கவிதைகளையும் சிப்பாய்களின் படங்களையும் சேர்த்து ஒயிட் ஒரு தொகுப்பு செய்திருந்தார். கவிதை இல்லாமல் படங்களை மட்டும் கண்காட்சியில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. கண்காட்சியே நின்றுபோனது.

அவர் மாணவர்களை அழைத்துப்போன இடம் கார்மல் ஊரருகே உள்ள பாயின்ட் லோபோஸ் கடற்கரை. நடுக்குவாதம் வந்திருந்த எட்வர்ட் வெஸ்டன் என்ற பெரிய கலைஞர் அங்கே அவர்களோடு நடந்தார். பெரிய கேமரா, முக்காலி, தலைமேல் கறுப்புத் துணி. வெளிச்சத்தை அளந்து, அலைக்காகக் காத்து நிற்க வேண்டும். அவசரப்படுத்த அதிகாரி இல்லை. பாறையை எடுத்தாலும் அது எடுப்பவரின் மனத்தையும் காட்டும் என்பது ஒயிட்டின் பாடம். வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிகிச்சை என்ற பேச்சே இல்லை. ஏட்டில் அது வெறும் படிப்பு. வெஸ்டன் தம் கடைசிப் படத்தை எடுத்ததும் அதே கடற்கரையில்தான், 1948-ல்.

நம் பிள்ளைகளில் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள்.