அம்மை கண்ட வீடும் அயல்நாட்டு மருத்துவரும்

வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் அவ்வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்பதைப் புதுச்சேரியில் எவரும் சொல்லாமலே உணர்வர். அயல்நாட்டு மருத்துவர் அந்த வேப்பிலையை எவ்வாறு கருதினார், நம் முன்னோர் அவர் கையிலிருந்த சிறு கத்தியை எவ்வாறு கருதினர் என்பதே நான் இன்று கூற விழையும் வரலாறு.

பசு அம்மையின் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை எட்வர்டு ஜென்னர் 1796-இல் இங்கிலாந்தில் சோதித்துக் கண்டார். 1802-இல் பம்பாயில் ஒரு சிறுமிக்கு அது இடப்பட்டது. பின்னர் சென்னை மாகாணத்திலும் பரவியது. அந்நாளில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமே இருந்தது.

உயிர்காக்க வந்தவரைக் கண்டு குடும்பங்கள் அஞ்சியது ஏன்? பெரியம்மை அவர்களுக்கு வெறும் நோயன்று. வீட்டிற்கு எழுந்தருளிய தாய். தாளிப்பை நிறுத்தி, அயலாரை விலக்கி, இறுதியில் தலைக்கு நீர் ஊற்றித் தாயை வழியனுப்புவர். அத்தாயைக் கத்தி கொண்டு தடுப்பதா என்று கலங்கினர். மேலும், அக்காலத்தில் ஒரு குழந்தையின் புயத்துக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்தே மற்றொரு குழந்தைக்கு இட்டனர். எவர் வீட்டுப் பிள்ளையோ என்ற தயக்கமும், வேறு பிணி ஒட்டுமோ என்ற அச்சமும் எழுந்தன. பின்னது வீண் அச்சமன்று. அவ்வழியே பிற நோய்கள் தொற்றியதுண்டு. மருத்துவர்களுள் பலரோ யாவற்றையும் மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லில் அடக்கினர். அயலாரை விலக்கிய வேப்பிலை, தொற்றைத் தடுக்கும் வேலியாகவும் நின்றதை அவர்கள் காணவில்லை.

திருக்குறளில் தோய்ந்த சென்னைக் கலெக்டர் எல்லிஸ் வேறு வழி கண்டார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு கதை இயற்றினார். பசுவின் வழி வந்த காப்பை மக்கள் ஏற்கச் செய்வதே நோக்கம். தமிழறிந்தவராதலின் மக்கள் மனத்தையும் அறிந்தார். ஆயினும் தம் சொல்லைத் தெய்வத்தின் வாயில் வைப்பது முற்றும் நேர்மையாகுமா? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் இதனினும் செம்மையான நெறியில் நின்றார். 1847-இல் இலங்கை வந்த அவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழ் நூல்களையும் வெளியிட்டார்.

1980-இல் உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் ஊரில் 1956-இல் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரியும் தன்வந்திரியின் பெயரையே தாங்கியது. இன்று அதுவே ஜிப்மர். மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள். மருந்தைக் கூறுமுன், வாசலில் தொங்கும் வேப்பிலையின் பொருளை அவ்வீட்டாரிடம் கேட்டறியுங்கள்.