சொல்லுக்கு முன் பிறந்த பொருள்

அரசியலமைப்பின் முகப்புரையில் 'சமயச் சார்பற்ற' என்னும் சொல் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின்வழி சேர்ந்தது. ஆகவே அக்கருத்தும் பிற்காலத்ததே என வாதிடுவோர் உளர். அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைகள் அவ்வாதத்திற்கு இடந்தரவில்லை.

முகப்புரையின் வேர், 1946 டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம். ஆயினும் சட்டக்கூறுகளோடு பொருந்த வேண்டும் என்பதால், அது இறுதிக் கட்டத்திலேயே, 1949 அக்டோபர் 17 அன்று விவாதத்திற்கு வந்தது. 'கடவுளின் பெயரால்' என அது தொடங்கவேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். திருவிதாங்கூர்-கொச்சியின் உறுப்பினர் பட்டம் தாணுப்பிள்ளை அதனை எதிர்த்தார்: நம்பவும் நம்பாதிருக்கவும் உரிமையளித்த சட்டம், தன் முதல் வரியிலேயே நம்பிக்கையைக் கட்டாயமாக்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆதரவு 41, எதிர்ப்பு 68, திருத்தம் தோற்றது.

அன்று தோப்பும்படியும் திருவிதாங்கூர்-கொச்சியில் அடங்கியதே. அதனை அடுத்த மட்டாஞ்சேரியில் யூதர் தொழுகைக்கூடம், கொங்கணியரின் திருமலைக் கோயில், சமணர் கோயில், பள்ளிவாசல்கள் ஆகியன அருகருகே நிற்கின்றன. இத்தகைய மண்ணுக்கு அவ்வாதம் வெறும் ஏட்டுத் தத்துவம் அன்று.

முகப்புரை அரசியலமைப்பின் பகுதியன்று என 1960-இல் பெருபாரி வழக்கில் கருதிய உச்ச நீதிமன்றம், 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அதனைப் பகுதியே என ஏற்றது. வழக்குத் தொடுத்தவர் கேரளத்து மடாதிபதி. சொல் 1976-க்கு உரியது. பொருளோ 1949-இலேயே வாக்கெடுப்பில் முடிவாயிற்று.