சென்னைக் குழாய்நீரின் கடினத்தன்மை

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் மொத்த அளவே அதன் கடினத்தன்மை. இதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கணக்கிடுவார்கள். சென்னை முழுவதற்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. ஒரே வீட்டில் சமையலறைக் குழாயில் மெட்ரோ வாட்டரும் குளியலறையில் போர் தண்ணீரும் வருவது இந்நகரில் சாதாரணம். பல அடுக்ககங்களில் இவ்விரண்டோடு லாரித் தண்ணீரும் சேர்ந்து ஒரே சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) கலந்துதான் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. எனவே ‘எங்கள் பகுதித் தண்ணீர் எப்படி?’ என்று கேட்பதைவிட, ‘எங்கள் சம்ப்பில் இந்த மாதம் என்ன விழுகிறது?’ என்று கேட்பதே பயனுள்ளது.

மெட்ரோ வாட்டரின், அதாவது குடிநீர் வாரியம் தரும் நீரின், பழைய மூலங்கள் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள். 1996 முதல் கிருஷ்ணா நீரும் 2004 முதல் வீராணம் நீரும் சேர்ந்தன. மழையும் ஆறும் தரும் இந்த நீர், ஆழ்துளைக் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் மென்மையானது. மீஞ்சூரிலும் (2010) நெம்மேலியிலும் (2013) கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கப்பட்டன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் சேர்ந்தது. இத்தகைய ஆலைகளின் சவ்வுகள் உப்புகளை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிடும். அப்படியே அனுப்பினால் அந்த நீர் குழாய்களை அரிக்கும் என்பதால், சுண்ணாம்புச் சத்தைச் சிறிது திரும்பச் சேர்ப்பது இத்தொழில்நுட்பத்தின் வழக்கமான கடைசிப் படி.

கடினத்தன்மையின் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து வருகிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கரையோர மணற்பகுதிகளில் வேறொரு ஆபத்தும் உண்டு: நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே நகரும். கடல்நீர் உப்புக் கரிப்பதோடு நிற்பதில்லை; அதிலுள்ள மக்னீசியத்தால் அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தாலே கிணற்றின் அளவு 300 மில்லிகிராம் கூடிவிடும். மழைநீரில் கடினத்தன்மை இல்லையென்றே சொல்லலாம். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை நீர்மட்டத்தை உயர்த்தும் திட்டமாக மட்டுமே பார்க்கிறோம். ஆழமில்லாத கிணறுகளில் அது கடினத்தன்மையையும் நீர்த்துப்போகச் செய்கிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500:2012) குடிநீரில் ஏற்கத்தக்க கடினத்தன்மை 200 மில்லிகிராம், வேறு மூலம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி உண்டு. இது குடிப்பவருக்கான வரம்பு. உடல்நலக் காரணத்துக்காகக் கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உச்ச வரம்பு எதையும் வைக்கவில்லை. ஆனால் மனிதருக்குத் தீங்கில்லாத 400 மில்லிகிராம் நீர், கீசருக்குத் தீங்கானதே.

காரணம், கால்சியம் கார்பனேட்டின் விசித்திரம். சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் கரையாமல் பிரியும். நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கரியமில வாயு வெளியேற, வெள்ளைப் படிவு மிஞ்சும். நீர் எங்கே மிகச் சூடாக இருக்கிறதோ, அதாவது காயிலின் மேற்பரப்பில், அது ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு 100 லிட்டர் வெந்நீர் எடுக்கும் குடும்பத்தில், 400 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் ஆண்டுக்கு 14.6 கிலோ சுண்ணாம்புக்கு ஈடான உப்பு அந்தக் கீசர் வழியே போகிறது. அதில் ஒரு சிறு பங்கு படிந்தாலே போதும். படிவால் மின்கட்டணம் தாறுமாறாக ஏறும் என்ற விளம்பரப் பேச்சு, மின்சாரக் கீசரைப் பொறுத்தவரை மிகைதான்: நீரில் மூழ்கிய காயிலின் வெப்பம் தாமதமானாலும் நீருக்குத்தான் போகும். உண்மையான சேதம் காயிலுக்கு. படிவு போர்த்திய கம்பி தன் வெப்பத்தை எளிதில் வெளியேற்ற முடியாமல் மிகையாகச் சூடேறி ஒருநாள் எரிந்துபோகும். வெப்பநிலையை 70 பாகையில் வைக்காமல் 55 பாகையளவில் வைத்தால் படிவு கணிசமாகக் குறையும். கீசரின் உள்ளே அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மக்னீசியத் தண்டையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். சர்வீஸ் செய்ய வருபவரிடம் நாமே கேட்டால்தான் பெரும்பாலும் அது நடக்கும்.

சலவை இயந்திரத்தில் கதை வேறு. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து நுரைக்காமல் திரிந்து துணியிலும் டிரம்மிலும் ஒட்டும். சலவைத்தூள் அப்படித் திரியாது. ஆனால் அதிலுள்ள சோடா கடின நீரில் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து, வெள்ளை வேட்டியை மங்கவும் துண்டை விறைக்கவும் செய்யும். வெந்நீரில் துவைக்கும் முன்வாசல் இயந்திரங்களில் கீசருக்கு நேர்ந்தது அவற்றின் ஹீட்டருக்கும் நேரும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் நீரை மென்மையாக்கும் பிசின் இருக்கிறது. அதற்கென விற்கும் உப்பைப் போட வேண்டும், சமையல் உப்பு கூடாது.

கெட்டில், ஷவர் முனை, குழாய்ச் சல்லடை இவற்றில் படிந்ததை எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கரைத்துவிடும். குளியலறை கழுவும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்துவது தவறு. எவர்சில்வரைக்கூட அது அரிக்கும்.

விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையை அளப்பதில்லை. நீரின் மின்கடத்தலைக் கொண்டு மொத்த உப்பை மதிப்பிடுவதே அதன் வேலை. சோடியம் குளோரைடு மிகுந்த நீர் அதில் 1,000 காட்டினாலும் படிவு உண்டாக்காமல் இருக்கலாம். அது செய்யும் தீங்கு அரிப்பு. கடினத்தன்மையை அறிய ஈ.டி.டி.ஏ. சோதனை வேண்டும்: செந்நிறம் நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ணும் எளிய கிட்கள் கிடைக்கின்றன. இதே குழப்பம், கடினத்தன்மையை நீக்கும் மென்னீராக்கியை வாங்கிய பிறகும் தொடர்கிறது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுவதால் மீட்டரின் எண் இறங்காது. ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பல இப்படி எழுபவை. 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும் என்பதால், அடுக்ககம் முழுவதற்கும் மென்னீராக்கி பொருத்துகிறவர்கள் சமையலறைக் குழாய்க்கு மெட்ரோ வாட்டரைத் தனி இணைப்பாக விட்டுவைப்பது நல்லது.