மீன்பாசி: ஒரு ஏல நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு போனபோது

வைகையை ஆறு என்று சொல்வதா, மணல் என்று சொல்வதா என்று விளாங்குடிக்காரங்களைக் கேட்டால் மாசத்தைப் பொறுத்துத்தான் பதில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து மார்கழிப் பனி இறங்கும்போது, நல்ல வருஷமாக இருந்தால் ஆத்துலயும் தண்ணி இருக்கும், கண்மாயிலும் இருக்கும். தூண்டிலும் வீச்சு வலையும் வெளியே வருவது அப்போதுதான். தை அறுப்பு முடிந்து தண்ணி வடிய வடிய பெரிய பிடிப்பு. விரால், கெளுத்தி, கெண்டை, மதுரைக்காரங்க உயிரை விடுகிற அயிரை, எல்லாமே அந்த மூணு நாலு மாசக் கணக்குதான்.

போன தையில் மேலூர் பக்கம் தாத்தா ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடைச் சுவரில் ஒரு ஏல நோட்டீஸ்: 'மீன்பாசி குத்தகை'. சின்ன வயசிலிருந்து பார்க்கிற சொல்தான். ஆனா அன்னைக்குத்தான் உறைத்தது. மீன் சரி, பாசி எதுக்கு? பாசியை யாரு ஏலம் எடுப்பாங்க?

வீட்டுக்கு வந்து தேடினால், சொல் கல்வெட்டுக்குப் போய் நின்றது. இடைக்காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வருவாய் வருகிறது. ஏரி, குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கொடுக்கிற தொகை. பாட்டம் என்றால் குத்தகை. மலையாளத்தில் இன்றைக்கும் அதே பொருள்தான். அப்போ சுவரில் ஒட்டியிருந்த சொல்லில் பாதிக்குப் பல நூறு வயசு. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சில ஊர்களில் இந்த மீன் வருவாயை அந்த ஏரியைத் தோண்டவும் பராமரிக்கவுமே ஒதுக்கியிருக்கிறார்கள். குளத்து மீன் காசு குளத்துக்கே. புரோகிராம் எழுதுகிறவன் பார்வையில் இது ஒரு மூடிய சுற்று: வண்டல் எடுத்தால் தண்ணி நிற்கும், தண்ணி நின்றால் மீன், மீன் விற்றால் வண்டல் எடுக்கக் காசு.

அடுத்த கேள்வி, நம்ம கண்மாய்க்கு வர்ற தண்ணியோட மீன் உரிமை யாரிடம் இருந்தது? தாத்தா ஊர்க் கண்மாய் பெரியாறு பாசனத்தில் இருக்கிறது. அதனால் கதை முல்லைப் பெரியாறுக்குப் போகிறது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் நடந்த ஒப்பந்தத்தைக் கேரளத்தில் 'பாட்டக் கரார்' என்பார்கள். மறுபடியும் அதே பாட்டம்! 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். மேற்கே ஓடின தண்ணியைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி, 1895-இல் வைகைப் பாசனத்தோடு சேர்த்தார்கள். பென்னிகுக்கை நமக்கெல்லாம் தெரியும். நிறைய பேர் கவனிக்காதது, அந்த ஒப்பந்தம் தண்ணியோடு மீன்பிடி உரிமையையும் தனியாக எழுதி நம்ம பக்கம் கொடுத்திருந்தது என்பதை.

அது 1970 மே மாசம் வரைக்கும். அந்த வருஷம் இரண்டு மாநிலங்களும் போட்ட துணை ஒப்பந்தத்தில் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக ஏறியது. அந்தத் தண்ணியில் மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு உறுதியானது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. இன்றைக்குத் தேக்கடி ஏரியில் வலை போடுகிறவர்கள் அங்கேயே வாழும் மன்னான் போன்ற பழங்குடி மக்கள். அது நியாயமாகவும் படுகிறது. நான் சொல்ல வருவது, தண்ணி உரிமையும் மீன் உரிமையும் எப்போதுமே இரண்டு தனிக் கணக்கு என்பதை.

இங்கே கீழே என்ன ஆச்சு? 1858-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம், குடிமராமத்துக்கு வராதவனைக் கட்டாயப்படுத்தலாம் என்றது. காலப்போக்கில் கண்மாய்களே இரண்டாகப் பிரிந்தன: 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளது பொதுப்பணித்துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மராமத்து ஒரு ஆபீஸ், மீன் ஏலம் ஒரு ஆபீஸ் என்று பல இடங்களில் ஆகிப்போச்சு. ஆனாலும் ஊர்கள் லேசில் விடவில்லை. மானுடவியலாளர் டேவிட் மோஸ் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களைப் பற்றி 2003-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்தால், மீன் பணம் ஊர்ப் பொதுவிலும் கோயில் செலவிலும் எப்படிப் பின்னிக் கிடந்தது என்பது தெரியும். கோடை தொடங்கும்போது மேலூர், சிங்கம்புணரி பக்கம் நடக்கிற மீன்பிடித் திருவிழாவும் அதன் மிச்சம்தான். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தாவோடு மொத்த சனமும் இறங்கும். அன்னைக்கு ஏலமும் கிடையாது, ரசீதும் கிடையாது.

மீனும் மாறிவிட்டது. குத்தகைக்காரர் விடுகிற குஞ்சு கட்லா, ரோகு, மிர்கால். வடக்கு ஆறுகளின் மீன்கள். ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்குள் வந்து இப்போது சாக்கடைத் தண்ணியிலும் பெருகுகிறது. 1959-இல் திறந்த வைகை அணையிலும் இதே கூட்டம்தான். குஞ்சை விலை கொடுத்து வாங்கி விடுகிறவருக்குக் கண்மாய் ஒரு வருஷ முதலீடு. வண்டல் எடுப்பது அவர் வேலை இல்லை. அயிரைக்கு யாரும் குஞ்சு விடுவதில்லை. அது மணலையும் நல்ல தண்ணியையும் நம்பி வர்ற மீன்.

விளாங்குடி 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊர் நகரமானதும் கண்மாய்க்கு ஆயக்கட்டுக்காரன் என்று ஒருத்தன் இல்லாமல் போகிறான். கேட்க ஆள் இல்லாத கண்மாய் என்ன ஆகும் என்று மதுரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் உலகனேரியில் இன்றைக்கு ஹைகோர்ட் கட்டிடம் நிற்கிறது.

ஒரு ஆபீஸில் போய்க் கேட்டேன்: "மீன்பாசிப் பணம் வருதே, அதுல கண்மாய்க்கு எவ்வளவு சார்?" அவர் நல்ல மனுஷன். சிரிச்சுக்கிட்டே, "அது பொதுக் கணக்குல சேர்ந்துரும் தம்பி"ன்னார்.

பழைய ஊர்சபைகள் பொற்காலம் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சபைகளில் யார் உட்கார முடிந்தது, யார் வெளியே நின்றார்கள் என்பது தெரிந்த கதை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப எழுதலாம் என்று தோன்றுகிறது: இந்தக் குளத்து மீன் காசு இந்தக் குளத்துக்கு. சொல் இன்னும் சுவரில் ஒட்டித்தான் இருக்கிறது. அடுத்த தடவை உங்க ஊர்ல மீன்பாசி நோட்டீஸ் பார்த்தால், ஏலத் தொகை எந்தக் கணக்குக்குப் போகுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.