துளையின் பொருத்தம்: சிறு லேசருக்கான அலுமினிய ஹீட்சிங்க், சேர்வராயன் மலையை முன்வைத்து

1. மலையும் உலோகமும்

குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறுபவர் கொட்டச்சேட்டுப் பக்கம் பார்ப்பது காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் அதைப் பற்றிப் படரும் மிளகுக் கொடியும்தான். அதே சேர்வராயன் மலையின் மேட்டுப் பகுதிகளில் பாக்சைட் இருக்கிறது. சார்னோக்கைட் பாறையிலிருந்த சிலிக்காவை மழை காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போக, அலுமினாவும் இரும்பும் எஞ்சி உண்டான தாது அது. மேட்டூரில் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் போனது. பழைய சாமான் கடையில் எடைபோட்டு வாங்கும் அலுமினியக் கட்டை எந்த மலையில் பிறந்தது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சில்வர் ஓக் பலகையில் பெயர் பொறிக்க வீட்டிலேயே லேசர் செய்யும் ஒருவர், அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்குக்காக இங்கே அந்தக் கட்டையைத் துளைப்பதில் ஒரு பொருத்தம் உண்டு.

2. எவ்வளவு சூடு

இத்தகைய லேசரில் பரவலாகப் பயன்படுவது 445 நானோமீட்டர் நீல டையோடு. 1.2 ஆம்பியர், 4.8 வோல்ட் கொடுத்தால் 5.8 வாட் உள்ளே போகிறது. ஒளியாக வெளிவருவது 1.6 வாட் அளவுக்குத்தான். மிச்சம் 4 வாட் சொச்சம் சூடு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சில்லு. சூடேற ஏற ஒளி குறையும், ஆயுளும் குறையும்.

வெப்பக் கடத்துத்திறனில் செம்புக்கு 400, தூய அலுமினியத்துக்கு 237, ஜன்னல் சட்டத்துக்கு ஆகும் 6063 ரகத்துக்குச் சுமார் 200, 6061-க்கு 167 (வாட்/மீட்டர்-கெல்வின்). செம்பு உசத்திதான், ஆனால் டிரில் பிட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 4 வாட்டுக்கு அந்தப் பாடு வேண்டியதில்லை. 6061 சுத்தமாக வெட்டுப்படும், அது போதும்.

3. துளை

டையோடு பொருத்திய குழல் 12 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம். கட்டையில் 12 மி.மீ. துளை போட்டுச் செருகினால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். கை டிரில்லில் 12 பிட்டை நேரே இறக்கினேன். பிட் ஆடியதில் துளை 12.1 ஆகிவிட்டது. குழல் உள்ளே கடகடவென்று ஆடியது.

அந்த 0.1 என்ன செய்யும்? சுற்றிலும் 0.05 மி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். காற்றின் கடத்துத்திறன் 0.026, குழலின் புறப்பரப்பு 1,131 சதுர மி.மீ. கணக்கிட்டால் வாட்டுக்கு 1.7 டிகிரி, 4 வாட்டுக்கு ஏறத்தாழ 7 டிகிரி. தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிக்கு இந்த விலை! அதையே கடத்துத்திறன் 1 கொண்ட சாதாரண வெள்ளை வெப்பப் பேஸ்டால் நிரப்பினால் 0.2 டிகிரிகூட வராது. கட்டையைப் பெரிதாக்குவதற்கு முன் துளையைச் சரியாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சேலத்துப் பட்டறைகளில் செய்கிறபடி செய்வதே சரி: சென்டர் பஞ்ச், 4 மி.மீ. வழித்துளை, பிறகு 11.8 பிட், கடைசியில் துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் 12 ரீமர். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால் 11.8 பிட்டுக்கு 1,600 சுற்று வரும். அலுமினியம் பிட்டின் முனையில் அப்பிக்கொள்ளும் உலோகம். மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டால் அப்பாது. கொஞ்சம் இறக்கி, பிட்டை மேலே தூக்கிச் சுருளை உதற வேண்டும். ஊதக் கூடாது, கண்ணில் விழும். ரீமரை மெதுவாகச் சுற்றவேண்டும். பின்பக்கமாகத் திருப்பவே கூடாது, சுருள் சிக்கித் துளைச் சுவரில் கீறல் விழும்.

குழலைப் பிடித்து நிறுத்தப் பக்கவாட்டில் எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளையிட்டு டேப் போடலாம். ஸ்க்ரூவை அழுத்தி முறுக்கினால் குழல் நசுங்கி அதிலுள்ள லென்ஸ் திருக முடியாமல் இறுகிவிடும்.

4. மலைக்காற்று

ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 14 சதவீதம் குறைவு. விசிறி இல்லாத ஹீட்சிங்க் இதனால் 7 சதவீதம் அளவுக்குத் திறன் இழக்கும். ஆனால் சேலத்தைவிட 8 டிகிரி குளிர்ச்சி கிடைப்பதால் கடைசியில் லாபம்தான். 20 டிகிரி மட்டும் ஏறலாம் என்றால் 250 சதுர செ.மீ. பரப்பு வேண்டும்: இரண்டு அஞ்சலட்டை அளவு. துடுப்புகள் செங்குத்தாக, 6 முதல் 8 மி.மீ. இடைவெளியோடு நிற்கட்டும். கணினியிலிருந்து கழற்றிய நெருக்கத் துடுப்பு விசிறியில்லாமல் மூச்சுத் திணறும்.

மின்சாரத்தால் குளிரும் பெல்ட்டியர் தகடு இந்த ஊருக்கு ஒத்துவராது. பனிமூட்ட நாளில் டையோடு பனிப்புள்ளிக்குக் கீழே போனால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

5. மினுக்கம்

1960-ல் இயற்பியலாளர் மைமன் இயக்கிய முதல் லேசரில் மாணிக்கத் தண்டைச் சூழ்ந்திருந்தது உட்புறம் பளபளப்பாக்கிய அலுமினிய உருளை. பளிச்சொளி விளக்கின் ஒளியைத் தண்டுக்கே திருப்பியனுப்ப அந்த மினுக்கம் தேவைப்பட்டது. நமக்கோ அதுவே ஆபத்து. 1.6 வாட் என்பது ஆபத்து மிகுந்த நான்காம் வகுப்பு லேசர். பலகையிலிருந்து திரும்பி வரும் ஒளி அரம் போட்டு மெருகேற்றிய முன்முகத்தில் பட்டால் மறுபடி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடியை முதலில் வாங்கிவிட்டு, முன்முகத்துக்கு மினுங்காத கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. துளைக்குள் மட்டும் பெயின்ட் போகாமல் ஒரு மரக்குச்சியைச் சீவிச் செருகிக்கொள்ளலாம்.