கல்லில் எழுதிய கடன்பத்திரம்

1010-ஆம் ஆண்டில் கலசம் ஏறிய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களையும் தூண்களையும் நிதானமாக வாசிப்பவர், இன்று கடன்பத்திரம் என்று நாம் வழங்கும் ஏற்பாட்டின் தத்துவம் அநேகமாக முழுவதும் அங்கே கல்லில் பதிந்திருப்பதைக் காண்பார். முதலாம் இராஜராஜனின் தமக்கை குந்தவையும் அவனுடைய அதிகாரிகளும் இறைவனுக்கு அளித்த காசுகள் கருவூலத்தில் உறங்கிக் கிடக்காமல், சோழநாட்டுக் கிராம சபைகளிடம் வட்டிக்கு ஒப்படைக்கப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12½ வட்டி. சில சபைகள் அதையே காசுக்கு முக்குறுணி நெல்லாக அளந்தன. சுவாமியின் திருமஞ்சன நீரில் இடுவதற்கு ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்சம் வேரும் அந்த வட்டியிலிருந்தே வரவேண்டும் என்று ஒரு சாசனம் விதிக்கிறது.

முதல் திரும்பாது; வட்டியோ சந்திர சூரியர் உள்ளவரை வந்துகொண்டிருக்க வேண்டும். முதலீட்டைப் புதிதாகப் பயில்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது என்பேன். ஏனெனில் வட்டி விகிதத்தைக் காட்டிலும் கடன் பெறுபவரின் யோக்கியதையே பிரதானம் என்பதை உணர்ந்தே, மாளும் தனிமனிதரை விடுத்து, நிலமும் நிர்வாக அதிகாரமும் உடைய சபையை அவர்கள் நாடினார்கள். நெல்லாகப் பெற்ற வட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு: காசின் மதிப்பு தேய்ந்தாலும் மரக்காலின் அளவு குறையாது, காசாக வருவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்றைய பத்திரத்தை அவசரத்துக்குச் சந்தையில் விற்றுவிடலாம், வட்டி விகிதம் ஏறியிருந்தால் விலை குறைந்தாவது. சாசனத்தை விற்க வழியில்லை. சோழர் ஆட்சி மறைந்து சபைகளும் நலிந்தபின், அந்த வட்டியை அளப்பார் எவருமில்லை.