‘பட்டான்’: நடுகற்களில் ஒரு வினைச்சொல்லின் பொருளும் ஆட்சியும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில், காய்ந்து உயிரற்று நிற்கும் மரத்தைப் ‘பட்டுப்போன மரம்’ என்பர். தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் இது பொதுவான வழக்கே. இறந்த மனிதரைப் ‘பட்டுப்போனார்’ என்று இன்று எவரும் கூறுவதில்லை. ஆயின், இதே மாவட்டத்தின் செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் வீரனின் இறப்பைக் கூறும் சொல் ‘பட்டான்’ என்பதேயாகும்.

‘படு’ பல பொருள் குறிக்கும் வினை. கீழே சாய்தல், மறைதல் என்பன அதன் பழம்பொருள்களுள் அடங்கும். நெய்தல் திணையின் சிறுபொழுதாகிய ‘எற்பாடு’ என்னும் சொல்லில் உள்ள ‘பாடு’ கதிரவனின் மறைவைக் குறிப்பது. உறக்கத்தைக் ‘கண்படுதல்’ என்றதும் இவ்வழியே. ஞாயிறு படுவதும் வீரன் படுவதும் ஒரே வினையால் கூறப்பட்டன. போரில் இறந்தோரை ‘விழுந்தோர்’ எனக் குறிக்கும் வழக்கு ஆங்கிலத்திலும் உள்ளது; எனவே இப்பொருள் வளர்ச்சி தமிழுக்கே உரிய புதுமை எனக் கொள்ள வேண்டியதில்லை.

இரா. நாகசாமி பதிப்பித்து, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி இவ்வாட்சியை விரிவாக அறிய உதவுகிறது. வட்டெழுத்தில் அமைந்த இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டில் தொடங்கி, வீரன் இன்னாருடைய சேவகன் என்பதையும் பூசல் நிகழ்ந்த சூழலையும் கூறி, ‘பட்டான் கல்’ என முடிகின்றன. எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர்விட்ட கருந்தேவக்கத்திக்கு எடுக்கப்பட்டது அது. கள்வனைக் கடித்துக் காவல் இருந்த கோவிவன் என்னும் நாயையும் அக்கல் பெயர் சுட்டிப் போற்றுகிறது. நாய்க்குக் கடித்தல், காத்தல் என்னும் வினைகள். அதன் தலைவனுக்குப் ‘பட்டான்’ என்னும் வினை.

இத்தொடர்களில் வீரனே எழுவாய். தொறு கொண்டவர் யார் என்பதைச் சில கற்கள் கூறும். ஆயினும் அவர் ‘கொள்’ என்னும் வினைக்கே எழுவாயாவர், வீரனின் இறப்புக்கு அல்லர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல் இன்னும் சுருக்கமானது. ஊரும் பெயரும் ‘ஆகோள்’ என்னும் நிகழ்வும் அதில் உண்டு. இறப்பைக் கூறும் வினையே இல்லை. கல் நின்றதே இறப்பை உணர்த்தப் போதுமானதாக இருந்திருக்கலாம். செங்கம் கற்கள் அவ்விடத்தை ஒரு வினையால் நிரப்பியபோதும், கொன்றவனுக்கு அதில் இடம் தரவில்லை.

இக்கற்களுக்கு இன்று எழுதப்படும் விளக்கங்களில் ‘பட்டான்’ என்பதைக் ‘கொல்லப்பட்டான்’ எனப் பெயர்ப்போர் உளர். எழுத்தளவில் இரண்டும் நெருங்கியவை, இலக்கணத்தில் அவ்வாறல்ல. பின்னதில் ‘படு’ துணைவினையாகித் தன் சொற்பொருளை இழந்துவிடுகிறது. ‘செயப்படுபொருள்’ என்னும் சொல்லாட்சி தொல்காப்பியத்திலேயே உள்ளமையால், துணைவினையாகும் போக்கும் பழமையானதே. எனினும் செயப்பாட்டுவினை சங்க நூல்களில் அருகியே வருகிறது. அதன் பெருக்கம் பிற்கால உரைநடைக்கு உரியது. ‘கொல்லப்பட்டான்’ என்றவுடன் கொன்றவன் யார் என்ற வினா எழும். கல் அவ்வினாவுக்கு இடம் தரவில்லை. எதன்பொருட்டுப் பட்டான் என்பதையே அது பதிவு செய்தது. ‘வீரமரணம் அடைந்தான்’ என்னும் மற்றொரு பெயர்ப்பு பொருளை மிகைப்படுத்துகிறது. கல்வெட்டில் புகழ்ச்சி அடை ஏதுமின்றி நிற்கும் ஒற்றைச் சொல் அது.

‘துன்பப்பட்டான்’, ‘அடிபட்டான்’ போன்ற வழக்குகளிலேயே பழகிய இன்றைய மாணவர், ‘பட்டான் கல்’ என்பதைத் துன்புற்றவனின் கல் என்று கொள்ளவும் கூடும். அத்தகைய மாணவருக்குப் பழம்பொருளை விளக்க அகராதியைக் காட்டிலும் பட்டமரம் எளிய சான்று. மனிதருக்கு வழக்கொழிந்த வினை அங்கு இன்னும் புழங்குகிறது.